எட்டுக்கு அடுத்த குரல்

1

இதை எழுத நானாக உட்காரவில்லை. கேட்டார்கள், எழுதுகிறேன். எங்கள் சங்கத்துக்கு இந்த 2006ஆம் வருடத்தோடு பத்து வயது ஆகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். மலர் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? முன்னால் வாழ்த்துச் செய்தி, பின்னால் நகைக்கடை விளம்பரம், நடுவில் யாரும் படிக்காத நாற்பது பக்கம். அந்த நாற்பதில் ஒரு பக்கம் வேணுவுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். "நீதான் கத எழுதறவனாச்சே ஆதி, உருக்கமா ஒரு பக்கம் குடு" என்றார் ராமகிருஷ்ணன் மாஸ்டர். சங்கத்தை ஆரம்பித்தவர் அவர்.

நான் ஆதிமூலம். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சின்னப் பத்திரிகைகளில் என் கதைகள் ஏழு வந்திருக்கின்றன. ஏழையும் படித்த ஒரே ஆள் வேணு. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. சங்கத்திலும் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். 2001 ஜனவரியில், சங்கம் படகு விடப் போன ஏரியில், அவன் மூழ்கிச் செத்துப்போனான்.

ஒரு பக்கம்தான் கேட்டார்கள். இது அதற்குள் அடங்காது. எப்படியும் மலரில் வரப்போவதில்லை என்று எனக்கே தெரிகிறது.

2

தொடக்கம் ஒன்று: மலை உச்சியில் மேகம் தங்கியிருந்த அந்தத் தை மாதக் காலையில்

(அடித்துவிட்டேன். இந்த ஊரில் பேனா பிடிக்கிற எல்லாரும் மலையில்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

தொடக்கம் இரண்டு: வேணு சிரித்தால்

(இதுவும் வேண்டாம். நினைவுக் கட்டுரைகளில் செத்தவர்கள் எல்லாரும் அழகாகச் சிரிக்கிறார்கள். வேணுவுக்குப் பல் கோணல், சிகரெட் கறை வேறு. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வான்.)

தொடக்கம் மூன்று: சங்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதுதான் ஒழுங்கு.

அருணை நடை மற்றும் படகுச் சங்கம். மாஸ்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனங்கள் மலையைச் சுற்றி நடக்கிற ஊரில், நடப்பதற்கென்று தனியாக ஒரு சங்கம் வைத்த மனிதர். "போற எடத்துல கோயில் இருக்குதா?" என்று கேட்பார்கள். இல்லை என்போம். "அப்ப எதுக்குப் போறீங்க?" இதற்குப் பத்து வருடமாக எங்களிடம் பதில் கிடையாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு. ஒன்று ஜவ்வாது மலைப் பக்கம் ஏற்றம். இன்னொன்று, மழை பெய்து ஏரிகளில் தண்ணீர் இருக்கும் மாதங்களில், படகு. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் நாலு வருடம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், பாண்டிச்சேரியில் சொல்லிச் செய்த இரண்டு பைபர் படகுகளை ஊர் திரும்பும்போது எங்களுக்கு விட்டுப்போனார். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். அவற்றோடு லைஃப் ஜாக்கெட் ஐந்து. நாங்கள் பதினாலு பேர். ஆகவே முறைபோட்டுக்கொண்டு படகு விடுவோம். முறை முடிந்தவன் ஜாக்கெட்டைக் கழற்றி அடுத்தவனிடம் கொடுக்கவேண்டும்.

* அடிக்குறிப்பு: எங்கள் ஊர் மலையில் மட்டும் சங்கமாக ஏறியதே இல்லை. அது பற்றி மூன்று மணி நேரம் கூட்டம் நடந்தது. "சாமி மேல ஷூ போட்டுக்கினு ஏற முடியாது, ஷூ இல்லாம என்னால ஏற முடியாது" என்று மாஸ்டர் முடித்துவைத்தார். இந்தக் கதைக்கு இது தேவையில்லை. ஏரிக்குப் போய்ச் சேருவதைத் தள்ளிப்போடுகிறேன், அவ்வளவுதான்.

3

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

சேரும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுப்பார் மாஸ்டர். ஆயுசுக்கும் அதே எண்தான். ஒரு இடத்தைவிட்டுக் கிளம்பும்போது விசில் ஊதுவார். அவரவர் எண்ணை அவரவர் வரிசையாகக் கத்தவேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினாலு வரை தடங்கல் இல்லாமல் வந்தால் கிளம்பலாம். ஏதாவது ஓர் எண் வரவில்லையென்றால் எல்லாரும் நிற்கவேண்டும். வராதவனுக்கு அடுத்த முறை படகு கிடையாது.

நல்ல வழக்கம்தான். ஆனால் நாங்கள் பாதிப் பேர் அரசு அலுவலகத்துக்காரர்கள். பக்கத்து மேசைக்காரன் டீக்கடையில் நின்றால் அவனுக்கும் சேர்த்து வருகைப் பதிவேட்டில் கிறுக்கிவைக்கிற ஜாதி. அந்தக் கை சும்மா இருக்குமா? சங்கத்துக்கும் வந்துவிட்டது. வேணுவுக்கு எண் ஒன்பது. எங்கே போனாலும் கிளம்புகிற நேரத்தில் பாறைக்குப் பின்னாலோ புதருக்குப் பின்னாலோ ஒதுங்கி ஒரு சிகரெட் பிடித்தால்தான் அவனுக்குக் கால் நகரும். மாஸ்டருக்குச் சிகரெட் ஆகாது. ஆகவே எட்டாம் எண்காரர் தன் எண்ணைச் சொல்லிவிட்டு, முகத்தைக் கொஞ்சம் திருப்பி, தொண்டையைத் தடிமனாக்கிக்கொண்டு "ஒம்போது" என்றும் சொல்லிவிடுவார். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவரவர் பை கட்டுகிற அவசரம் அவரவருக்கு. ஐந்து நிமிடத்தில் வேணு பின்னாலிருந்து ஓடிவந்து சேர்ந்துகொள்வான். ஜவ்வாது மலையில் எட்டாம் எண்காரர் முட்டி வலியில் பின்தங்கியபோது வேணுவும் அவருக்காக "எட்டு" சொல்லியிருக்கிறான்.

எட்டாம் எண்காரர் பெயர் பலராமன் என்று வைத்துக்கொள்வோம்.

4

பொங்கல் முடிந்து அடுத்த ஞாயிறு. கீழ்பென்னாத்தூர் போகிற வழியில், சாலையைவிட்டு உள்ளே தள்ளி ஓர் ஏரி. அந்த வருடம் மழை ஜாஸ்தி. ஏரிக்குள் வளர்ந்திருந்த கருவேல மரங்கள் பாதி உயரத்துக்குத் தண்ணீரில் நின்றன.

காலையில் வேணு கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வேனில் ஏறினான். பலராமன் கேட்டார். "வூட்ல சண்டைய்யா. கொழந்திக்குக் காய்ச்சல். ஞாயித்துக்கிழமையும் போறியான்னு கத்தறா கஸ்தூரி. அவ கத்தறது நாயம்தான். சாயந்தரம் சீக்கிரமா போயி சமாதானம் பண்ணணும்" என்றான். கஸ்தூரி அவன் மனைவி. குழந்தை சிந்துஜாவுக்கு அப்போது ஏழு வயது.

படகு விட்டார்கள். சுண்டல் தின்றார்கள். மூன்று மணிக்குப் படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, சேறு போக எல்லாரும் இறங்கிக் குளித்தார்கள். லைஃப் ஜாக்கெட்டுகள் மூட்டை கட்டியாகிவிட்டது. வேணு கிணற்றில் நீந்திப் பழகியவன். "அந்த மரத்தைத் தொட்டுட்டு வந்துர்றேன்" என்று கருவேல மரங்களைப் பார்த்து நீந்திப்போனான். பலராமன் அதைப் பார்த்தார். பிறகு கரையேறித் தலை துவட்டினார்.

மூன்றரைக்கு மாஸ்டர் விசில் ஊதினார். வேன் ஏரியின் அந்தக் கோடியில், மதகுக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே மூன்றரைக்கே டீக்குச் சொல்லியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பலராமனின் முறை வந்தது. வேணு கண்ணில் படவில்லை. விசில் ஊதினால் அவன் எங்கே இருப்பான் என்பது பலராமனுக்குத் தெரியாதா? சட்டையைப் பனைமரங்களுக்குப் பின்னால்தான் கழற்றிப் போட்டிருந்தான். சிகரெட்டும் அந்தச் சட்டையில்தான்.

"எட்டு."

"ஒம்போது."

பத்து என்று அடுத்த ஆள் சொன்னார். பதினாலு வரை தடங்கல் இல்லாமல் வந்தது. கரைமேல் நடந்து வேனுக்குப் போனார்கள். பத்து நிமிட நடை. டீ குடித்தார்கள். வேணு வரவில்லை. வருவான் என்றார்கள். இரண்டாவது டீயும் ஆயிற்று. மாஸ்டர் திரும்பிப் போய்த் தேடினார். அதற்குள் இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. ஐந்து மணிக்கு ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் இறங்கி எடுத்தார்கள். கருவேல முள்ளில் சிக்கிக் கிடந்த பழைய வலை ஒன்றில் வேணுவின் வலது கால் மாட்டியிருந்தது.

5

இந்தப் பலராமன் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் கதையின் முதல் படியில் அவருக்கு மீசை வைத்தேன். இரண்டாம் படியில் எடுத்தேன். கொஞ்சம் குடிக்கிறவராக ஆக்கிப் பார்த்தேன், அப்போதாவது அவர்மேல் வெறுப்பு வரட்டும் என்று. வரவில்லை. பிறகு அவருக்கு ஒரு நோயாளி அம்மாவைக் கொடுத்தேன், நீங்கள் இரக்கப்படட்டும் என்று. அதுவும் ஒட்டவில்லை. மூன்று இரவு அவரோடு மல்லுக்கட்டிய பிறகு

(இந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறேன். சுற்றி வளைக்கிறேன்.)

சங்கத்தில் பலராமன் என்று யாரும் கிடையாது. எட்டாம் எண் என்னுடையது. "ஒம்போது" என்று சொன்ன குரலும் என்னுடையது.

சொல்லிவிட்டேன். இதை எழுதும்போது கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. அதுவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

* அடிக்குறிப்பு: பனைமரங்களுக்குப் பின்னால் போய் அவன் துணிகளை எடுத்துவந்தவன் நான்தான். சட்டைமேல் துண்டு மடித்து வைத்திருந்தது. காய்ந்திருந்தது. தண்ணீருக்குள் போனவன் திரும்பி வரவே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

6

நான் "ஒம்போது" சொன்னதால் என்ன ஆயிற்று? இருபத்தைந்து நிமிடம் வீணாயிற்று. உடனே தேடியிருந்தால் பிழைத்திருப்பானா என்பது எனக்குத் தெரியாது. மருத்துவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை. அதைக்கூட எப்படியோ சுமந்துகொண்டு திரிகிறேன். அடுத்தது வேறு.

விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். பதிமூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னோம்: எண் கூப்பிட்டபோது வேணு பதில் சொன்னார். பன்னிரண்டு பேர் நம்பிச் சொன்னார்கள். நான் பொய் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். கரையில் அவனை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டதோடு சரி. ஆனாலும் காகிதத்தில் இப்படி ஏறிவிட்டது: கரைக்கு வந்தவன், எல்லாரும் போனபிறகு, தனியாக மறுபடி தண்ணீரில் இறங்கியிருக்கிறான்.

ஏன் இறங்கினான்? அதற்குப் பதில் அவன் வீட்டிலேயே தயாராக இருந்தது. அன்று காலைச் சண்டையில் கஸ்தூரி, "அந்த ஏரியிலயே போயிக் கெட. வூட்டுக்கு வராத" என்று சொல்லியிருக்கிறாள். எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். என் வீட்டில் வாரம் இரண்டு முறை சொல்வார்கள். ஆனால் பொங்கலுக்கு வந்திருந்த அவள் மாமியார், வேணுவின் அம்மா சரசு அம்மாள், அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டதைச் சாவு வீட்டில் வாய்விட்டுச் சொல்லி அழுதார். "போயிக் கெடன்னியேடி, போயிட்டான் பாருடி" என்று. நான் பந்தல்கால் ஓரத்தில் நின்றிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை.

கஸ்தூரிக்குக் கருணை அடிப்படையில் எங்கள் அலுவலகத்திலேயே வேலை கிடைத்தது. தட்டச்சர். வேணுவின் மேசையையே கொடுத்தார்கள். ஐந்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தை மாதம் வந்தால் ஒருநாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, கேட்பாள்.

"ண்ணா, நம்பர் சொன்னப்ப அவரு கொரலு எப்டி இருந்துச்சு? கோவமா இருந்துச்சா?"

"இல்லம்மா. சாதாரணமாத்தான்."

"கரைக்கு வந்துட்டு மறுபடி எறங்குனாருன்னா, நான் சொன்னதுதான மனசுல ஓடியிருக்கும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வேலயப் பாரு."

ஐந்து தை. ஐந்து முறையும் இதே பதில். வருடத்துக்கு ஒருமுறை அவளைக் கொன்றுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன்.

7

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். அவர் வீட்டு மாடியில் படகுகள் இரண்டும் வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. அதற்குப் பிறகு சங்கம் மலைக்கு மட்டும்தான் போகிறது. எண் சொல்கிற வழக்கத்தையும் நிறுத்திவிட்டார். கிளம்பும் முன் ஒவ்வொருவர் தோளையும் அவரே தொட்டுப் பார்க்கிறார்.

படித்தார். ஐந்தாம் பகுதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியும்பா" என்றார்.

"என்னா தெரியும்?"

"ஒம்போது சொன்னது நீன்னு. இருவது வருஷமா பசங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறவன் நான். எவன் எவனுக்கு ஆஜர் குடுக்கறான்னு எனக்குத் தெரியாதா?"

"எப்ப தெரியும் மாஸ்டர்?"

"அப்பவே. நீ சொன்னப்பவே."

மஞ்சள் படகின்மேல் உட்கார்ந்தேன்.

"சிகரெட் புடிக்கப் போயிருக்கான்னு நீ நெனச்ச. நானும் அதத்தான் நெனச்சேன். டீக்கு லேட்டாவுது, இப்ப நிக்கவெச்சு சத்தம் போடுவானேன்னு வுட்டுட்டேன். அவ்ளோதான்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா? சங்கத்த மூடுவாங்க. என் வேல போவும். உன்னுதும் போவும். போனவன் வருவானா?"

"கஸ்தூரி?"

"அந்தப் பொண்ணுக்குதான் வேல கெடச்சிடுச்சே" என்றார் மாஸ்டர். அதைச் சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். பிரதியை என்னிடம் நீட்டி, "ஒரு பக்கம் போதும் ஆதி. அவன் நல்லா நீந்துவான், எல்லாருக்கும் ஒத்தாசையா இருப்பான், அதப் போடு" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது நிம்மதி. என்னைப்போல் இன்னொருத்தரும் இருக்கிறார் என்கிற கேவலமான நிம்மதி. இந்த வரியை எழுதாமல் மறைத்திருக்கலாம். ஐந்து வருடம் மறைத்தது போதும்.

8

இனி முடிவு. இப்போது ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாகவேண்டும். மலருக்கு வருகிற எல்லாவற்றையும் மத்தியான இடைவேளையில் அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்துகொடுப்பது கஸ்தூரி. தமிழில் அவளளவுக்கு வேகம் யாருக்கும் கிடையாது. வாழ்த்துச் செய்தி, வரவு செலவு, பயண அனுபவம் எல்லாம் அவள் மேசைமேல் அடுக்கி இருக்கின்றன. இந்தக் கையெழுத்துப் பிரதியையும் நாளைக் காலை, அவள் வருவதற்கு முன், அந்த அடுக்கின் நடுவில் செருகிவைக்கப் போகிறேன்.

நேரில் சொல்லத் தைரியம் இல்லாதவன் கண்டுபிடித்த வழி இது. உங்களுக்குப் புரிந்திருக்கும். இவ்வளவு நேரம் வாசகரே வாசகரே என்று நான் மனதுக்குள் கூப்பிட்டதெல்லாம் அவளைத்தான். மற்றவர்கள் மன்னிக்கவும்.

கஸ்தூரி, வேணு கரைக்கு வரவே இல்லை அம்மா. நீ சொன்ன சொல்லுக்கும் அவன் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சாயந்தரம் சீக்கிரம் வந்து உன்னைச் சமாதானம் பண்ணவேண்டும் என்றுதான் வேனில் சொன்னான். பதில் சொன்னது நான்.

இதற்குப் பிறகு என்ன நடக்கும்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: கஸ்தூரி தட்டச்சுப் பண்ணிக்கொண்டே வருகிறாள். ஐந்தாம் பகுதியில் விரல் நிற்கிறது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுகிறாள். என் பக்கம் திரும்பி, "இப்பவாச்சும் சொன்னீங்களேண்ணா" என்கிறாள்.

(எவ்வளவு சௌகரியமான முடிவு! யாருக்குச் சௌகரியம் என்று பாருங்கள்.)

முடிவு இரண்டு: கஸ்தூரி பிரதியை எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையம் போகிறாள். என் வேலை போகிறது. ஊர் என்னைக் காறித் துப்புகிறது. நான் தலைகுனிந்து நடக்கிறேன். பின்னால் மலை

(மலை வந்துவிட்டது. தண்டனை வாங்கும்போதும் நான் அழகாகத் தெரியவேண்டும் என்று பார்க்கிறேன்.)

முடிவு மூன்று: ஒரு மாதம் கழித்து, கஸ்தூரியும் நானும் சிந்துஜாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஏரிக்கு

[ஆதி அண்ணா, இதுவரைக்கும் அடிச்சிட்டேன். இதுக்கு மேல உங்க கையெழுத்துல ரெண்டு பக்கம் இருக்குது. படிச்சேன். அடிக்க மாட்டேன். ஒண்ணுல நான் அழறேன், ஒண்ணுல போலீசுக்குப் போறேன், இதுல ஏரிக்கரையில நின்னு உங்கள மன்னிக்கறேன். மூணுமே கடைசில உங்களப் பத்திதான் இருக்குது. எம்பொண்ணு எதுலயும் வாயே தொறக்கல. அஞ்சு வருஷமா அவ அப்பாவ நாந்தான் அனுப்பி வெச்சேன்னு நெனச்சிக்கினு அவளுக்குத் தல பின்னி வுட்டுக்கினு இருந்தேன். எங்க அத்த அவகிட்டயே அப்டித்தான் சொல்லி வெச்சிருக்காங்க. அவளுக்கு இத படிக்கக் குடுக்க மாட்டேன். கதைன்னு நெனச்சிக்குவா. வர ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வூட்டுக்கு வாங்க. அத்தையையும் ஊருலேர்ந்து வரச் சொல்லியிருக்கேன். மாஸ்டரையும் கூட்டினு வாங்க. நீங்க ரெண்டு பேரும் எம்பொண்ணு எதிர்ல உக்காந்து வாயால சொல்லணும். காயிதம் எதுவும் எடுத்துக்கினு வராதீங்க. – கஸ்தூரி]